மறு: ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத கூரைத் தகட்டுக்குக் ‘கல்நாரிலி’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத கூரைத் தகட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ‘இழைச்சிமெண்ட் தகடு’ என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். செவிக்கு இனிய சொல்தான். ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இழைச்சிமெண்ட்தானே! அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இழை. புதியதில் அந்த வேலையைப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கை இழையும் மரக்கூழும் செய்கின்றன. ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901இல் காப்புரிமை பெற்ற முறையை ஒட்டியே இரண்டும் தயாராகின்றன. நெளிவும் சாம்பல் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரும் ஒன்றாகிவிட்டால் வாங்குபவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

நான் இருப்பது பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில். சென்ற கோடையில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றப் பொள்ளாச்சியில் ஒரு கடைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்றேன். “இது ஃபைபர் சிமெண்ட் ஷீட்” என்று கொடுத்தார்கள். கூரை வேலைக்கு வந்த பையன் இரண்டு ஷீட்டுகளை மெஷினால் அறுத்த பிறகுதான் ஓரத்தில் அச்சிட்டிருந்த கல்நார் எச்சரிக்கை என் கண்ணில் பட்டது. அவன் இமையெல்லாம் வெள்ளைத் தூசி. கல்நார் இழை நீளவாக்கில் பிரிந்து பிரிந்து நுரையீரலின் ஆழம்வரை போகும் அளவுக்கு மெலிந்துவிடும். புற்றுநோய் தலைகாட்ட இருபது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரு சொல் மயக்கம் செய்த வேலை இது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

என் பரிந்துரை ‘கல்நாரிலி’. அறிவிலி, முதுகெலும்பிலி என்று நாம் நெடுநாளாக ஆளும் ‘இலி’தான். இல்லாததைச் சொல்லிப் பெயரிடுவது குறை என்று குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். இங்கே அந்த இல்லாமையைத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்! ‘நலத்தகடு’ என்ற சொல்லும் வேண்டாம். கல்நாரிலியை அறுத்தாலும் நுரையீரலுக்குக் கேடான சிலிக்கா கலந்த தூசி எழும். முகமூடி போடாமல் அறுக்கலாம் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உண்டாக்கிவிடும்.

தகடா, அட்டையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தகடு என்றால் தகரம் நினைவுக்கு வருகிறது, அட்டை என்றால் காகிதம். தமிழக–கேரள எல்லைக்கு இருபுறமும் மேஸ்திரிகள் சொல்வது ஷீட். கடைப்பலகையில் ‘கல்நாரிலி ஷீட்’ என்று எழுதினாலே போதும். கல்லும் நாரும் மலையாளத்திலும் இருப்பதால் இங்கே விளக்கிச் சொல்வதும் எளிது.

உட்கூரைக்குப் பொருத்தும் சமதளப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் மரக்கூழ் நார்தான் வலு. அதற்கு ‘மரநார்ப் பலகை’ பொருந்துமா? தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.