ஞாயிறு மூன்றரைக்கு அரங்கேற்றம்

குழு: அப்பாயி வீடு

வெள்ளி

பாலு அண்ணன் (சிங்கப்பூர்), 7:12
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு நிலாவின் பரதநாட்டிய அரங்கேற்றம். இங்கே மாலை 6 மணி. யூடியூபில் நேரலை உண்டு, லிங்க் நாளைக்குப் போடுகிறேன். அப்பாயி டிவியில் பார்க்க வேண்டும் என்றுதான் போன வாரம் ஊருக்கு வந்தவரிடம், டிவியில் மாட்டினால் யூடியூப் வருகிற ஸ்டிக் கொடுத்தனுப்பினேன். தினேஷ், மாட்டியாச்சா?

பெரியப்பா, 7:15
6 மணிக்கு எனக்கு வாய்க்காலில் தண்ணீர் முறை.

நான், 7:15
அங்கே 6 என்றால் நமக்கு 3.30 பெரியப்பா.

பெரியப்பா, 7:16
முறையே மூன்றிலிருந்துதான்.

திருவையாறு அத்தை, 7:19
குழந்தைக்கு வாழ்த்துகள். எங்களுக்குத் தனியாக யாரும் சொல்லவில்லை. குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பாலு அண்ணன், 7:20
அத்தை, புதன்கிழமையே போன் செய்தேன். மாமாதான் எடுத்தார்.

திருவையாறு மாமா, 7:24
ஆமாம், சொன்னான். மறந்துபோச்சு.

சரவணன் மச்சான், 7:24
முடிந்தது கதை.

தினேஷ், 7:31
மாட்டினேன். ஓடவில்லை.

பாலு அண்ணன், 7:31
ஓடவில்லை என்றால்?

தினேஷ், 7:32
லோகோ வருது. போகுது. மறுபடி லோகோ.

பாலு அண்ணன், 7:32
கரண்ட் எங்கிருந்து கொடுத்தாய்?

தினேஷ், 7:33
டிவி பின்னாலேயே யூஎஸ்பி இருக்கே. பெட்டியில் வந்த அடாப்டர் நம்ம பிளக்கில் நுழையாது. மூணும் பட்டை பட்டையா இருக்கு.

மாயவரம் சித்தப்பா, 7:47
தினேஷ், முதலில் அதைக் கழற்றி வை. பொறுமையாகப் படி. சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான், நமக்கும் 230 வோல்ட்தான். கரண்டின் சைக்கிளும் வினாடிக்கு 50தான். எனவே அடாப்டர் எரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பின் மட்டும்தான் வேறு. நம்முடைய உருண்டைப் பின்னும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். 1947இல் அவன் பட்டைப் பின்னுக்கு மாறிக்கொண்டான், நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். சிங்கப்பூர் அவன் பின்னாலேயே போய்விட்டது. அது கிடக்கட்டும். டிவியில் இருக்கிற யூஎஸ்பி ஓட்டை, பென்டிரைவ் போடுவதற்கு வைத்தது. சாதாரணமாக 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர் கொடுக்கும். ஸ்டிக் கிளம்பும்போது அதற்கு மேல் இழுக்கும். இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் அணையும், அணைந்து மறுபடி கிளம்பும். நீ பார்க்கிற லோகோ அதுதான். ஸ்டிக்கைச் செருகுகிற ஹெச்டிஎம்ஐ ஓட்டையிலும் 5 வோல்ட் உண்டே என்று கேட்பாய். உண்டு, ஆனால் அது ஸ்டிக் டிவிக்குக் கொடுப்பது, அதுவும் 50 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளத்தான் அது, ஸ்டிக்கை ஓட்ட அல்ல.

பெரியப்பா, 7:49
நம்ம போர் மோட்டார் லோ வோல்டேஜில் முக்குவது மாதிரியா.

மாயவரம் சித்தப்பா, 7:49
அதேதான் அண்ணே.

பெரியப்பா, 7:50
மோட்டார் முக்குவதை நான்கு வருஷமாகச் சொல்கிறேன். அதற்கு இவ்வளவு நீளமாக யாரும் பதில் எழுதவில்லை.

அப்பா, 7:50
👍

தினேஷ், 7:52
இப்போ என்ன செய்யணும் சித்தப்பா.

மாயவரம் சித்தப்பா, 7:58
வீட்டில் இருக்கிற செல்போன் சார்ஜரை எடு. அதன் மேல் பொடி எழுத்தில் அவுட்புட் என்று போட்டிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார். 5 வோல்ட், 1 ஆம்பியர் இருந்தால் போதும். 2 ஆம்பியர் என்று இருந்தாலும் பயப்படாதே, ஸ்டிக் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் 5 இருக்க வேண்டும். ஒயர், ஸ்டிக்குடன் வந்த ஒயராகவே இருக்கட்டும். கண்ட ஒயரைப் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடும்.

தினேஷ், 8:03
என் சார்ஜரில் சின்ன ஓட்டை. டைப் சி. ஸ்டிக் ஒயர் போகாது. அப்பா சார்ஜரில் போகுது.

பெரியப்பா, 8:03
என் சார்ஜரைத் தொடாதே.

திருவையாறு மாமா, 8:10
முன்னனுப்பப்பட்டது பல முறை
எச்சரிக்கை!! டிவியில் ஸ்டிக் மாட்டியவர்கள் உடனே கழற்றவும். நீங்கள் வீட்டில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் வெளிநாட்டில் பதிவாகிறது!!

சரவணன் மச்சான், 8:11
அப்பா, நம் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்தால் அவன்தான் பாவம்.

பாலு அண்ணன், 8:13
மாமா, ரிமோட்டில் மைக் படம் போட்ட பொத்தானை அழுத்தினால்தான் இந்த ஸ்டிக் கேட்கும். அழுத்தாமல் விட்டால் ஒன்றும் இல்லை.

திருவையாறு அத்தை, 8:15
கேட்கட்டும். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு யார் யார் வரவில்லை என்று அதுவாவது பதிவு செய்யட்டும்.

சித்தி, 8:16
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் அண்ணி.

மாயவரம் சித்தப்பா, 8:16
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரவணன் மச்சான், 8:17
சின்ன மாமா, நான் படித்துவிட்டேன்.

தினேஷ், 8:29
(படம்)
டிவி சுவரோடு ஒட்டி இருக்கு. ஸ்டிக் நேரா நுழையாது. சார்ஜர் போடுவதற்கு முன்னாடி இதுக்கு வழி சொல்லுங்க.

பாலு அண்ணன், 8:30
பெட்டியில் சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் இருக்கும். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். அதை டிவியில் செருகி, அதன் வாயில் ஸ்டிக்கைச் செருகு. ஸ்டிக் சும்மா தொங்கட்டும். டிவிக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்காமல் வெளியே வந்தால் வைஃபையும் நன்றாக எடுக்கும்.

தினேஷ், 8:31
அந்த ஒயரை அம்மா சேமியா டப்பாவில் போட்டிருக்காங்க. எடுத்துட்டேன்.

நான், 8:32
ரிமோட்டை ஸ்டிக் பக்கம் நீட்ட வேண்டியதில்லை. புளூடூத். பேட்டரி போட்டியா?

தினேஷ், 8:33
பேட்டரி பொம்மைக் காருக்குப் போயிடுச்சு. நாளைக்கு மன்னார்குடியில் குட்டி பேட்டரி ரெண்டு வாங்கணும்.

பெரியப்பா, 8:41
தினேஷ் டிவியில் என்னமோ செய்துவிட்டான். அம்மாவின் சீரியல் வரவில்லை. ஒரே நீலமாக இருக்கிறது. சிக்னல் இல்லை என்கிறது. அம்மா என்னைத் திட்டுகிறாள்.

நான், 8:41
பெரியப்பா, டிவி ரிமோட்டில் சோர்ஸ் என்று ஒரு பொத்தான். அதை அழுத்தி ஹெச்டிஎம்ஐ 1 வையுங்கள். செட்டாப் பாக்ஸ் அதில்தான். ஸ்டிக் 2இல்.

பெரியப்பா, 8:42
ரிமோட் முழுக்க டேப் சுற்றியிருக்கிறது. எழுத்து எதுவும் தெரியவில்லை.

நான், 8:42
மேலே வலது மூலை.

பெரியப்பா, 8:44
டிவி அணைந்துவிட்டது.

சரவணன் மச்சான், 8:44
இடது மூலை என்று சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா, 8:52
தினேஷ் வந்து வைத்துவிட்டான். சீரியல் முடிந்தது. அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

திருவையாறு அத்தை, 8:53
அம்மாவைப் பட்டினி போட்டு இந்தக் குச்சி வேண்டுமா? ஞாயிறு காலை கார் அனுப்புகிறேன். இங்கே எங்கள் டிவியிலேயே யூடியூப் இருக்கிறது. ஒயரும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

பெரியப்பா, 8:55
என் பேத்தி ஆடுவதை என் வீட்டில்தான் பார்ப்போம்.

திருவையாறு அத்தை, 8:55
எனக்கும் பேத்திதான்.

அப்பா, 8:56
👍

சரவணன் மச்சான், 8:56
மாமா, அந்த 👍 யாருக்கு?

சனி

திருவையாறு மாமா, 6:05
(படம்: இனிய காலை வணக்கம், சனி பகவான் துணை)

மாயவரம் சித்தப்பா, 6:40
இரவு யோசித்தேன். நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது? டிவி பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா?

தினேஷ், 7:02
ஃபேன், லைட் மட்டும்தான்.

மாயவரம் சித்தப்பா, 7:06
2018இல் கஜா புயலுக்கு அப்புறம் இன்வெர்ட்டர் வைத்தபோதே டிவி பாயிண்டையும் சேர்க்கச் சொன்னேன். எல்ஈடி டிவி பெரிதாகக் கரண்ட் எடுக்காது, ஸ்டிக் எடுப்பது அதிலும் கொசுறு. அண்ணன் கேட்கவில்லை.

பெரியப்பா, 7:10
இன்வெர்ட்டருக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் எழுது.

சித்தி, 7:11
பாதி நாங்கள் கொடுத்தோம்.

பெரியப்பா, 7:11
பேட்டரி மாற்றியது?

பாலு அண்ணன், 7:15
தயவுசெய்து ஞாயிறு பற்றி மட்டும் பேசுவோம்.

திருவையாறு மாமா, 7:21
வர்ணம் நடக்கும்போது கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். அதுதான் கச்சேரிக்கே நடுநாயகம், அரை மணி நேரம் கூடப் போகும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இந்த வரிசையைக் கட்டிக்கொடுத்ததே தஞ்சாவூர் நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இங்கிருந்து போனதை இப்போது சிங்கப்பூரிலிருந்து ஒயர் வழியாக இறக்குகிறோம்.

சரவணன் மச்சான், 7:22
அப்பா, இதையே முன்னனுப்பப்பட்டது என்று போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

தினேஷ், 10:48
அப்பா வயலுக்குப் போனதும் சார்ஜரை எடுத்தேன். பேட்டரியும் போட்டாச்சு. ஓடுது!! 
(படம்)
இப்போ வைஃபை கேக்குது.

பாலு அண்ணன், 10:49
சபாஷ். உன் போனில் ஹாட்ஸ்பாட் போடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு இடத்தில் இருக்கும், அதையே வை. சுவர் தாண்டி வரும்.

தினேஷ், 10:51
என் டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துடும். அதுவும் கூடத்தில் என் சிம்முக்கு டவர் இல்லை. அப்பா போனுக்குத்தான் இருக்கு.

பாலு அண்ணன், 10:53
அப்போ அப்பா போன். நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம். நடுத்தரத் தெளிவில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி சுற்றிப் போகும். நான் இங்கிருந்தே டேட்டா போட்டுவிடுகிறேன்.

நான், 10:55
ஒரு சந்தேகம். ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சார்ஜ் இறங்கும். பெரியப்பா சார்ஜர் ஸ்டிக்கில் இருக்கிறது. பெரியப்பாவோ வயலில் இருப்பார், போன் அவர் சட்டைப்பையில்.

சரவணன் மச்சான், 10:55
அம்மாச்சி வயலுக்கு வந்துவிடலாமே.

பெரியப்பா, 12:20
என் சார்ஜர் எங்கே.

பெரியப்பா, 12:21
போன் இல்லாமல் வயலுக்குப் போக முடியாது. மேலே மடை திறந்துவிட்டால் கூப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். நாற்று நட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. இந்த முறை விட்டால் இன்னொரு முறை எப்போது என்று தெரியாது.

பாலு அண்ணன், 12:24
மடைக்குத் தினேஷை அனுப்புங்கள்.

தினேஷ், 12:24
அப்போ டிவியை யார் பார்த்துக்கிறது.

மாயவரம் சித்தப்பா, 12:31
நான் வருகிறேன். நாளைக் காலை முதல் பஸ். பழைய சார்ஜர் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டுமே 5 வோல்ட் 2 ஆம்பியர். என் போனிலும் டேட்டா இருக்கிறது.

சித்தி, 12:33
நாளைக்கு என் தம்பி வீட்டில் வளைகாப்பு. மறந்துவிட்டாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

திருவையாறு அத்தை, 12:34
அருகில்தானே இருக்கிறார், நீயே கேட்கலாமே?

சித்தி, 12:34
கேட்டால் ஸ்டிக்குக்கு எவ்வளவு ஆம்பியர் என்று சொல்கிறார்.

தினேஷ், 1:15
புது சிக்கல். அப்பாயி கூடத்துக்கு வரமாட்டாங்களாம். தன் ரூமில் இருக்கிற டிவியில்தான் பார்ப்பாங்களாம். கால் வலியாம்.

சரவணன் மச்சான், 1:15
கலைஞர் கொடுத்த டிவியா? அது இன்னும் ஓடுகிறதா!

தினேஷ், 1:16
பளிச்சுனு ஓடுது.

பெரியப்பா, 1:18
2006 தேர்தலில் சொன்ன டிவி. 14 இன்ச். வாங்கிய புது டிவி இரண்டு போய்விட்டது, அது நிற்கிறது.

மாயவரம் சித்தப்பா, 1:30
அதில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று ஓட்டைதான், அதற்குப் பெயர் ஏவி. நடுவில் ஒரு கன்வர்ட்டர் பெட்டி வேண்டும். கடையில் கேட்கும்போது ஹெச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏவியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுவது என்று இன்னொன்று இருக்கிறது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அந்தப் பெட்டிக்கும் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும்.

நான், 1:31
அதாவது இன்னொரு சார்ஜர்.

பெரியப்பா, 1:31
என்னிடம் கேட்காதே.

திருவையாறு அத்தை, 1:40
கால் வலி என்றால் காரில் வரலாமே. நாளை பன்னிரண்டு மணிக்குக் கார் வரும். அம்மாவிடம் சொல்லிவையுங்கள் அண்ணே.

பெரியப்பா, 1:52
அம்மாவைக் கேட்டேன். யோசிக்கிறாளாம். முதலில் நிலா என்ன கலர் புடவை கட்டுகிறாள் என்று கேட்கிறாள்.

பாலு அண்ணன், 1:55
அரக்குச் சிவப்பு, பச்சை பார்டர். லிங்க் இதோ போடுகிறேன். அப்பா, போன் வீட்டில் இருக்குமா இருக்காதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா, 2:10
மூன்று மணிக்குத் தண்ணீர் வருகிற அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா, 2:11
👍

மாயவரம் சித்தப்பா, 2:26
கன்வர்ட்டர் மாயவரத்தில் விசாரித்துவிட்டேன், இருக்கிறதாம். வாங்கவா வேண்டாமா? கடை எட்டு மணிக்கு மூடிவிடுவான். அண்ணே, அக்கா, யாராவது ஒருவர் பதில் போடுங்கள்.

திருவையாறு மாமா, 2:40
முன்னனுப்பப்பட்டது
முழங்கால் வலிக்கு முடக்கத்தான் கீரை!

தினேஷ், 2:44
அப்பாயி இதைப் படிச்சுக் காட்டச் சொல்றாங்க.