டியூரரின் மாயச் சதுரத்தில் திரும்பி நிற்கும் 9

கேள்வி:
ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் உருவாக்கிய 'மெலன்கோலியா' அச்சோவியத்தைக் கன்னிமாரா நூலகத்தில் இரண்டு நூல்களில் பார்த்தேன். அதில் மணிக்குக் கீழே, வரிசையாகவும் மூலைவாட்டிலும் கூட்டினால் 34 வரும் மாயச் சதுரம் ஒன்று உள்ளது. ஒரு நூலில் அதன் 9 இடவலம் மாறி நிற்கிறது. மற்றதில் நேராக இருக்கிறது. இரண்டில் ஒன்று போலியா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி:
இரண்டுமே அசல்தான். இது செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட படம். தகட்டில் வெட்டுவதெல்லாம் தாளில் இடவலம் மாறி விழும் என்பதால், எண்களைத் திருப்பியே வெட்ட வேண்டும். மற்ற எண்களை அப்படி வெட்டிய கை, 9ஐ மட்டும் நேராக வெட்டிவிட்டது. சில படிகள் எடுத்த பின் அது தகட்டிலேயே திருத்தப்பட்டது. செம்பு மென்மையானது, கீறலைச் சுரண்டி, பள்ளத்தைப் பின்புறமிருந்து தட்டி மேலேற்றி, மெருகிட்டு மீண்டும் வெட்டலாம். மரக்கட்டையில் வெட்டி அச்சிடும் படமானால் அந்த இடத்தைக் குடைந்தெடுத்து வேறு துண்டு பொருத்த வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்களே, அதே வேலைதானா இது?

இன்னொரு மறுமொழி:
உறவு உண்டு, ஆனால் கைமுறை வேறு. பெயர் வெட்டுபவர் உளியைச் சுத்தியலால் தட்டிப் புள்ளி புள்ளியாக நகர்த்துவார். செப்புத் தகட்டு வேலையில் சுத்தியல் கிடையாது. பியூரின் என்னும் எஃகுக் கருவியின் பிடியை உள்ளங்கையில் பொருத்தி, முன்னோக்கித் தள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் கோடு பருக்கும், குறைந்தால் மெலியும். வளைவு வேண்டுமென்றால் கருவியைத் திருப்புவதில்லை. தோல் திண்டின் மேல் கிடக்கும் தகட்டையே மற்றக் கை மெல்லச் சுழற்றும். டியூரரின் கோடுகள் உடலின் வளைவோடு ஓடுவது அந்தச் சுழற்சியால்தான் என்பது, கவின்கலைக் கல்லூரியில் என் முதல் தகட்டைப் பாழாக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. அவர் இதைச் சிறுவயதிலேயே பழகியவர். நியூரம்பெர்க்கில் பொற்கொல்லராக இருந்த தந்தையிடம்தான் முதலில் தொழில் கற்றார்.

கீறலின் ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டிவிட்டு, தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்தால் மை பள்ளங்களில் தங்கும். மரக்கட்டையில் மேட்டிலிருந்து மை பதிகிறது, இங்கே பள்ளத்திலிருந்து. ஆகவே ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே பலமாக அழுத்தினால்தான் தாள் கீறலுக்குள் இறங்கி மையை எடுக்கும். அசல் படி ஒன்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொரு கோடும் தாளின் மேல் மெல்லிய வரப்பாக எழுந்து நிற்பது தெரியும். நூல்களில் வரும் படங்களில் அது தெரியாது.