மெட்டபொலைட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

குடல் பாக்டீரியா பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்குகிறேன். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2017-இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. தேநீரிலும் பழங்களிலும் இருக்கும் ஃபிளாவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்களைக் குடலில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் ஆர்பிசிண்டன்ஸ் என்ற பாக்டீரியா உடைக்கிறது. டெஸ்அமினோடைரோசின் என்ற சிறு மூலக்கூறு கிடைக்கிறது. அதை முன்கூட்டியே கொடுத்த எலிகளில் இன்டர்ஃபெரான் (வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் புரதம்) வேலை வலுப்பட்டு, இன்ஃபுளுவென்சா தொற்றியபோது பாதிப்பு குறைந்தது. உயிர்களின் வேதிமாற்றங்களில் வந்து போகும் இத்தகைய பொருள்தான் மெட்டபொலைட். பத்திக்குப் பத்தி வருகிறது. 'வளர்சிதைமாற்ற விளைபொருள்' என்று நீட்டினால் வாசகர் ஓடிவிடுவார்.

— க.

•

'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்ற குறளில் அற்றது என்றால் செரித்தது. ஆகவே 'அறுபொருள்' என்க. அறு, அறை, அறுவை எல்லாம் ஒரே வேர். அந்தப் பாக்டீரியாவின் இலத்தீன் பெயருக்கே வளையத்தை அறுப்பது என்றுதான் பொருள்! இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

— பு.

•

புலவர் ஐயா, 'அறிவற்றம் காக்கும் கருவி'யில் அற்றம் என்பது அழிவு. நோயாளியிடம் உங்கள் குடலில் அறுபொருள் சுரக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? தவிர, எல்லாம் உணவை அறுத்து வருவதும் இல்லை. 2020-இல் சிக்குன்குனியா ஆய்வில் பார்த்தது பித்த அமிலம். அது கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து செய்வது. கிளாஸ்ட்ரிடியம் சிண்டன்ஸ் அதிலிருந்து ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி டிஆக்சிகோலிக் அமிலமாக்குகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் துடைத்த எலிகளில் இன்டர்ஃபெரான் குறைந்து வைரஸ் பரவியது. அந்த ஒரு பாக்டீரியாவையோ, அந்த அமிலத்தை மட்டுமோ திருப்பிக் கொடுத்ததும் தடுப்பு மீண்டது. இங்கே செரிமானமே இல்லையே.

— டாக்டர் ம.

•

சிண்டன்ஸ் என்றாலும் அறுப்பதுதான், டாக்டர். ஹைட்ராக்சிலை அறுக்கவில்லையா?

— பு.

•

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளியில் வளர்சிதைமாற்றத்தை 'அனுசேபம்' என்றே படித்தோம். அனுசேபப் பொருள் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும். புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

— சி.

•

அது வடமொழி ஆயிற்றே, அம்மா.

— பு.

•

வைரஸ் எந்த மொழி ஐயா? அதை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்.

— சி.

•

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். விளைபொருள் என்றதும் பையன்கள் கமிஷன் மண்டிக்குப் போய்விட்டார்கள். 'வளர்சிதைப் பொருள்' போதும். அப்புறம், குடல் பாக்டீரியா தரும் இன்னொரு பொருளான பியூட்டிரேட்டை வெண்ணெயமிலம் என்கலாமா? பெயர் வந்ததே வெண்ணெயிலிருந்துதான். அப்படியானால் அசிட்டிக் காடியமிலம். புரோப்பியோனிக் கிரேக்கத்தில் 'முதற்கொழுப்பு'...

— ஆசிரியர் ந.

•

வேண்டாம் சார். நார்ச்சத்தைப் பாக்டீரியா நொதிக்க வைத்துத்தான் பியூட்டிரேட் வருகிறது. வெண்ணெயமிலம் என்று எழுதினால் மறுநாளே வெண்ணெய் தின்றால் காய்ச்சல் வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். 2018-இல் இன்ஃபுளுவென்சா ஆய்வு ஒன்றில், நார்ச்சத்து ஊட்டிய எலிகளில் நுரையீரலைக் கெடுக்கும் அழற்சி தணிந்தது, வைரஸைத் தாக்கும் டி செல்கள் மட்டும் வலுத்தன. ஒரே பொருள் ஓரிடத்தில் அடக்குகிறது, ஓரிடத்தில் ஏவுகிறது. பெயரில் இதையெல்லாம் திணிக்க முடியாது.

விளைபொருள் கூடாது என்பதற்கு என் காரணம் வேறு: குளுக்கோசும் மெட்டபொலைட்தான், இடைநிலையில் வந்து போவதும் மெட்டபொலைட்தான். கடைசியில் விளைவது மட்டுமல்ல.

— டாக்டர் ம.

•

சரி, நேரமில்லை. 'வளர்சிதைப் பொருள்' என்று போடுகிறேன். இலங்கை வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் 'அனுசேபப் பொருள்' என்றும் சேர்க்கிறேன். இன்டர்ஃபெரானைத் தொடவில்லை; தயவுசெய்து யாரும் தொடங்காதீர்கள்.

— க.

•

உடன்பாடில்லை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். இன்டர்ஃபெரானுக்கு 'இடைத்தடை' எப்படி?

— பு.