ஆழமான அலுமினியப் பள்ளம்: உங்களைக் கைவிட்ட எண்ட் மில் எது?

வில்லிவாக்கம் மாடிப் பட்டறை:
6061 என்னும் அலுமினியக் கலவைக் கட்டியில் 38 மி.மீ. ஆழத்துக்கு ஒரு மோட்டார் உறை குடைந்துகொண்டிருந்தேன். என்னுடையது எக்ஸ்2 வகைச் சிறு மில்லிங் இயந்திரம். அதன் உச்ச வேகம் 2500 ஆர்பிஎம். எஃகையே வெட்டும் கருவிக்கு அலுமினியம் எம்மாத்திரம் என்று லிங்கி செட்டி தெருக் கடைக்காரர் சொன்னதை நம்பி, கருநீலப் பூச்சும் நான்கு ஃப்ளூட்டும் (சீவல் வெளியேறும் சுருள் பள்ளம்; ஒவ்வொன்றின் விளிம்பும் ஒரு வெட்டும் பல்) உள்ள, 6 மி.மீ. விட்டமுள்ள நீண்ட எண்ட் மில்லை (சுழன்றுகொண்டே நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் கருவி) வாங்கி வந்திருந்தேன். 15 மி.மீ. வரை ஒழுங்காக இறங்கியது. பிறகு சீறல் ஒலி மங்கி, தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற ஓசை எழுந்தது. ஃபீட்டை, அதாவது கருவியை உலோகத்துக்குள் தள்ளும் நகர்வை, நிறுத்தக் கை போவதற்குள் முறிந்துவிட்டது. பள்ளத்திலிருந்து எடுத்த துண்டில் ஃப்ளூட் என்று எதையும் காணவில்லை. நான்கு பள்ளங்களும் அலுமினியத்தால் அடைந்து, வெள்ளிப் பென்சில் போல வழவழவென்று இருந்தது. தவறு பூச்சிலா, ஃப்ளூட் எண்ணிக்கையிலா, என் கையிலா என்பது இன்றுவரை புரியவில்லை.

கொரட்டூர்க்காரர்:
மூன்றிலும்தான். நீங்கள் வாங்கிய கருநீலப் பூச்சு பெரும்பாலும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடாக இருக்கும். அது எஃகின் சூட்டைத் தாங்குவதற்கென்று வந்தது. அலுமினியம் அதில் ஒட்டிக்கொள்ளும். பூச்சே இல்லாத, மெருகேற்றிய எண்ட் மில்லோ, சிர்கோனியம் நைட்ரைடு பூச்சு உள்ளதோ போதும். கையால் நிமிடத்துக்கு 60 மி.மீ. தள்ளினீர்கள் என்று வைத்துக்கொண்டால், 2500 ஆர்பிஎம்மில் நான்கு பற்களில் ஒவ்வொன்றுக்கும் 0.006 மி.மீ.தான் கிடைக்கிறது. அது வெட்டு அன்று, தேய்ப்பு. இரண்டு ஃப்ளூட் என்றால் பல்லுக்குக் கிடைப்பது இரட்டிப்பாகும். சீவல் வெளியேறவும் இடம் இருக்கும். நானும் இதே முறையில் இரண்டு எண்ட் மில்களை முறித்தவன்தான். அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மடிப்பாக்கம் வாசகர்:
பூச்சையும் பல்லையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நீளத்தைக் கொரட்டூர் நண்பர் விட்டுவிட்டார். என் கதையில் எதுவும் முறியவில்லை. 6 மி.மீ. ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) எண்ட் மில்லை, தண்டை இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டுக்கு வெளியே 45 மி.மீ. நீட்டி, வேலைத்துண்டைச் சுழற்றும் ரோட்டரி டேபிளில் 6201 பேரிங்குக்கு இருக்கை வெட்டினேன். பள்ளத்தின் வாயருகே அளந்தபோது 32 மி.மீ. துல்லியமாக இருந்தது. பேரிங்கை வைத்ததும் பாதிவரை வழுக்கிக்கொண்டு போய், சாய்ந்து, இறுகி நின்றது. கருவி சுவரை விட்டு விலகி வளைந்ததால் பள்ளம் அடியில் குறுகியிருந்தது. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்ற துணிவில், மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து உறையைச் சமையலறை அடுப்பில் தலைகீழாகப் பிடித்தேன். பேரிங் தோசைக்கல்லின் மேல் விழுந்த அந்த ஓசையை மறக்க முடியாது. கல்லில் விழுந்த வடுவை வீட்டில் இருப்பவர்களும் மறக்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். விட்டத்தை 6-இலிருந்து 10 மி.மீ. ஆக்கினால் வளைவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே மூலை ஆரம் 5 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும்படி முதலில் வரைபடத்தை மாற்றுங்கள், கருவியைப் பிறகு தேடுங்கள். வெட்டு நீளம் 40 மி.மீ. உள்ளதை வாங்காதீர்கள். வெட்டு நீளம் 20 மி.மீ.க்குள் இருந்து, அதற்கு மேல் கழுத்து மெலிந்தது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் டூல் கிரைண்டிங் செய்பவரிடம் கொடுத்துத் தண்டைச் சிறிது இழைத்து வாங்குங்கள், அது சுவரில் உரசாது. பள்ளத்தின் பெரும்பகுதியை டிரில்லால் வரிசையாகத் துளைத்து எடுத்துவிட்டால், எண்ட் மில்லுக்கு இடைச்சுவர்களும் கடைசிச் சீவலும்தான் மிஞ்சும். நம் 2500 ஆர்பிஎம்மில் 10 மி.மீ. கருவியின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 78 மீட்டர். அதற்கு ஹெச்எஸ்எஸ்ஸே போதும். அதைவிடக் கடினமான கார்பைடால் வேகத்தில் ஆதாயம் இல்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு கிடைக்கிறது. கடைசிச் சுற்றுக்கு அது உதவும்.

பெரம்பூர் ஓய்வுபெற்றவர்:
கார்பைடு உதவும் என்று ஐயா எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஃப்ளூட்டும் 45 பாகைச் சுருளும் கொண்ட 10 மி.மீ. கார்பைடில் ஒரு பெட்டி வெட்டினேன். அடித்தளம் 4 மி.மீ. மிஞ்ச வேண்டும். டயல் எண்ணில் எந்தப் பிசகும் இல்லை, ஒலியும் இனிமையாகவே இருந்தது. மண்ணெண்ணெய் கலந்த சீவலைத் தூரிகையால் தள்ளியபோது தளத்தில் பிறை வடிவில் ஒரு கருமை தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்தேன். அது ஓட்டை, அதன் வழியே வைஸில் பெட்டிக்கு அடியில் தாங்கலாக வைத்திருந்த பேரலல் கட்டை தெரிந்தது. சுருளின் பாகை கூடக் கூடக் கருவியைக் கோலெட்டிலிருந்து கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது. மெருகேறிய தண்டில் எண்ணெய்ப் பசையும் இருந்ததால் பிடி நழுவிவிட்டது. இப்போதெல்லாம் தண்டையும் கோலெட்டையும் உலரத் துடைத்த பிறகே மாட்டுகிறேன். கோலெட் வாயருகே தண்டில் மார்க்கரால் ஒரு கோடும் போட்டுக்கொள்கிறேன்.

கொரட்டூர்க்காரர்:
நீளத்தை நான் விட்டுவிடவில்லை. கேள்வியில் அது இல்லாததால் எழுதவில்லை.

வில்லிவாக்கம் மாடிப் பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மூலை ஆரத்தை 5.5 மி.மீ. ஆக்கி, 31 துளைகள் போட்டு, 10 மி.மீ. இரண்டு ஃப்ளூட் ஹெச்எஸ்எஸ்ஸால் 38 மி.மீ. வரை இறங்கிவிட்டேன். கோடு நகரவில்லை. சுவர் மட்டும் அடியில் 0.08 மி.மீ. குறுகியிருக்கிறது. அதே அளவீட்டில், ஃபீட்டை மாற்றாமல் இன்னொரு சுற்று வெறுமனே ஓட்டினால் போதுமா, மடிப்பாக்கம் ஐயா?