மரவிசைப்படகின் டீசல் தொட்டிக்கு மட்டமானி போதுமா, ஃபுளோ மீட்டரும் வேண்டுமா?

தெக்குக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியிலிருந்து ஓடும் எங்கள் மரவிசைப்படகில் இன்ஜின் அறையின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும். இரண்டையும் அடியில் ஒரு குழாய் இணைக்கிறது. அதன் நடுவில் வால்வு உண்டு. இதுவரை மூடியைத் திறந்து கம்பு விட்டுப் பார்த்துத்தான் இருப்பைச் சொல்லி வருகிறோம். கடல் சற்றுத் துள்ளினாலும் கம்பில் ஏறும் ஈரம் ஒரு சாண் கூடுகிறது, அடுத்த முறை குறைகிறது. டிரைவர் சொல்லும் கணக்கும் டீசல் பங்கில் போட்ட பில்லும் ஒத்துப்போகாமல் அவ்வப்போது மனக்கசப்பும் வருகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது ஒரு அளவுமானியைப் பொருத்திவிட நினைக்கிறோம். லாரிக்குப் போடும் டீசல் மானியே போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். ஃபுளோ மீட்டர் இல்லாமல் எதுவும் பயனில்லை என்கிறார் இன்னொருவர். இன்ஜின் ஆறு சிலிண்டர் கொண்டது. எரியாமல் மிஞ்சும் டீசல் பம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் உண்டு. பேட்டரி 24 வோல்ட். கரை திரும்ப டீசல் போதுமா என்பது உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதே முதல் தேவை. எந்த ஓட்டத்தில் எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரிந்தால் நல்லது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நாகை மின்பணி:

தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதை மட்டமானி சொல்லும். இன்ஜின் இந்த நேரத்தில் எவ்வளவு எரிக்கிறது என்பதை ஃபுளோ மீட்டர் சொல்லும். உங்கள் முதல் தேவைக்கு மட்டமானிதான் விடை. அதில் தொடங்குங்கள்.

வாங்கும்போது தொட்டிக்குள் இறங்கி, டீசல் மட்டத்துக்கேற்ப மின்தடையை மாற்றும் டேங்க் யூனிட்டும் மேலே இருக்கும் மானியும் ஒரே ஓம் (மின்தடை) அளவைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். படகுக் கருவிகளில் பெரும்பாலும் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. அமெரிக்க வகையில் காலித் தொட்டிக்கு 240 ஓம், நிறைந்த தொட்டிக்கு 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஒன்றின் யூனிட்டை மற்றொன்றின் மானியோடு கோத்தால் தொட்டி வற்ற வற்ற முள் நிறைவை நோக்கி ஏறும். இதைவிட ஆபத்தான மானி வேறில்லை. லாரி யூனிட்டுகளின் அளவு வண்டிக்கு வண்டி மாறுவதாலும், அவற்றின் மிதவைக் கை உங்கள் தொட்டியின் ஆழத்துக்குப் பொருந்தாது என்பதாலும் கடைக்காரரின் யோசனையை விட்டுவிடலாம். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் 240–33 வகையையே கேளுங்கள். கம்பி அறுந்தால் அதன் முள் காலிக்கு விழும், ஆள் விழித்துக்கொள்வார். ஐரோப்பிய வகையில் கம்பி அறுந்தால் முள் நிறைவைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

கை நீட்டிய மிதவையைவிட, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் மேலும் கீழும் போகும் மிதவை அலைச்சலுக்கு நன்கு தாங்கும். குழாயின் நீளம் தொட்டியின் உள்ளாழத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும். அடியில் படியும் கசடும் நீரும் மிதவையைப் பிடிக்காது. யூனிட்டைத் தொட்டியின் ஓரத்தில் போடாமல் நடுப்பகுதியில் பொருத்தினால் படகு சாயும்போதும் அணியம் (முன்முனை) தூக்கும்போதும் பிழை குறையும். இரண்டு தொட்டிக்கு இரண்டு யூனிட், ஒரு மானி, நடுவில் இடம் வலம் மாற்றும் சுவிட்ச் போதும். இரண்டு யூனிட்டின் கம்பிகளையும் சேர்த்து ஒரே முனையில் கட்டிவிடாதீர்கள். ஓம் கணக்கு குலைந்துவிடும்.

லாரி எலக்ட்ரீஷியனை வைத்து வேலை செய்வதானால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லாரியில் இரும்புப் பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. மரப்படகில் பாடி எர்த் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு யூனிட்டின் எர்த் முனையிலிருந்தும் பேட்டரியின் நெகட்டிவ் வரை தனிக் கம்பி ஓட வேண்டும். வெறும் செப்புக் கம்பி உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும் என்பதால் வெள்ளீயம் பூசிய கம்பியும், சூடேற்றினால் உள்ளே பசை உருகிப் பிடிக்கும் உறையும் வாங்குங்கள். மானிக்குப் போகும் பாசிட்டிவ் கம்பியில் பேட்டரிக்கு அருகிலேயே சிறு ஃபியூஸ் இருக்க வேண்டும்.

தொட்டியில் துளையிடுவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நம் பங்குகளில் கிடைக்கும் டீசலுக்குத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிதான். மே மாதத்து இன்ஜின் அறை அதற்கு மேலேயே போகும். வெல்டிங் தேவைப்பட்டால் தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய், கழுவி ஆவி முழுதும் போன பிறகே செய்ய வேண்டும். டீசல் வடித்துவிட்டோமே என்று காலித் தொட்டியில் தீயைக் காட்டுவது நிறைந்த தொட்டியில் காட்டுவதைவிட மோசமானது, ஏனென்றால் உள்ளே இருப்பது முழுவதும் ஆவியும் காற்றும்தான்.

கொட்டில்காரன்:

இவ்வளவு செலவு எதற்கு? தொட்டியின் அடியிலிருந்து மேல் வரை ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபைப் போட்டுவிட்டால் டீசல் மட்டம் கண்ணெதிரே நிற்கும். எங்கள் கரையில் பல படகுகளில் அப்படித்தான் இருக்கிறது.

பம்பு நோசல்:

கண்ணெதிரே நிற்கும் என்பது உண்மை. அந்த டியூப் இன்ஜின் சூட்டில் சில மாதங்களில் மஞ்சளாகிக் கல்லாக இறுகும் என்பதும், தீப்பிடித்தால் முதலில் உருகித் தொட்டி முழுவதையும் தீயில் ஊற்றிவிடும் என்பதும் உண்மை. மட்டக் கண்ணாடி வேண்டுமென்றால் தடித்த கண்ணாடிக்கு உலோக உறையும், கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வும் உள்ளதாகப் போடுங்கள். மானி பழுதானால் சரிபார்க்க அது நல்ல துணை.

இனி ஃபுளோ மீட்டர் பற்றி. உங்கள் இன்ஜினில் ரிட்டர்ன் இருப்பதால் ஒரு மீட்டர் போதாது. பம்புக்குப் போவதை ஒன்றும் திரும்பி வருவதை மற்றொன்றும் அளந்து, வித்தியாசத்தைத்தான் செலவு என்று காட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். எடுத்துக்காட்டாக மணிக்கு 60 லிட்டர் போய் 45 லிட்டர் திரும்பினால் செலவு 15 லிட்டர். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சதவீதப் பிழை எதிரெதிர்த் திசையில் இருந்தால் அது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும்; 15 லிட்டரில் அது 7 சதவீதம். திரும்பும் டீசல் சூடானதும்கூட. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் விரிவதால், 20 டிகிரி கூடுதல் சூட்டில் அந்த 45 லிட்டர் முக்கால் லிட்டர் கூடுதலாகத் தெரியும். செலவு அந்த அளவு குறைவாகத் தெரியும். வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்கிடும் டீசல் மீட்டர்கள் இருக்கின்றன, விலை அதிகம். பெட்ரோல் இன்ஜினுக்கான ஒற்றை மீட்டரை விலை மலிவு என்று டீசலுக்கு விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

மீட்டர் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். லிட்டர் கோடு போட்ட 20 லிட்டர் கேனில் டீசலை நிரப்பி, பம்புக்குப் போகும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் அந்தக் கேனுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். திரும்பி வருவதும் கேனுக்கே வருவதால் கேனில் குறைவதுதான் உண்மையான செலவு. கடல் அமைதியான காலையில் முகத்துவாரத்துக்கு வெளியே 1200, 1400, 1600 ஆர்பிஎம் என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஓடிக் குறித்துக்கொள்ளுங்கள். படகைக் கட்டிப்போட்டு வெறுமனே ஓட்டினால் சுமை இல்லாததால் அந்த எண்களுக்குப் பயன் இல்லை. ஓர் ஆள் கேனை விட்டுக் கண்ணெடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று உறிஞ்சிவிட்டால் நடுக்கடலில் பம்பை ஏர் எடுக்க நேரிடும். 75 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 100 குதிரைத்திறன் தரும் டீசல் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு 19 லிட்டர் அளவில் எரிக்கும் என்பதை வைத்து உங்கள் எண் பொருத்தமானதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வடமராட்சி வள்ளம்:

வணக்கம் ஐயா. எங்கள் பக்கத்தில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளே அதிகம். அவற்றில் திரும்பும் குழாய் இல்லாததால் ஒரு மீட்டரே போதுமானது. 2022இல் இலங்கையில் எரிபொருள் கிடைக்காமல் தவித்த பிறகு எங்களில் சிலர் இதில் அக்கறை காட்டத் தொடங்கினோம். நீர்பிரிப்பு வடிகட்டிக்குப் பின்னால், உடலில் உள்ள அம்புக்குறியின் திசையில், இயந்திரத்தின் சூடு படாத இடத்தில் மீட்டரைப் பூட்ட வேண்டும். உள்ளே சுழலும் சில்லு மிகச் சிறியது; ஒரு துரும்பு போதும் அது நின்றுவிட. பெட்ரோலில் சரிபார்த்த மீட்டர் மண்ணெண்ணெயில் சற்று வேறு கணக்குச் சொல்லும் என்பதால், எதில் ஓடுகிறோமோ அதிலேயே சரிபார்ப்பது நல்லது. தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, ஓடி, மறுபடி அதே விளிம்பு வரை நிரப்பி, ஊற்றிய அளவையும் மீட்டர் சொன்ன அளவையும் ஒப்பிட்டுத் திருத்தத்தைப் பதிய வேண்டும்.

தெக்குக்கரை:

அனைவருக்கும் நன்றி. ஃபுளோ மீட்டரை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு மட்டமானியைப் பொருத்தினோம். கிடைத்தது 10–180 வகைதான். யூனிட்டும் மானியும் ஒரே பெட்டியில் வந்தவை. சுவிட்சை இடது பக்கம் வைத்தால் முள் ஒழுங்காக நிற்கிறது. வலது பக்கம் வைத்தால் தொட்டியில் கால்வாசி டீசல் இருக்கும்போதும் முள் நிறைவைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்கிறது. யூனிட் பழுதா?

நாகை மின்பணி:

யூனிட்டைக் கழற்றுவதற்கு முன் கம்பியைச் சோதியுங்கள். ஐரோப்பிய வகையில் முள் நிறைவைத் தாண்டி நின்றால், மின்சுற்று எங்கோ அறுந்து திறந்து கிடக்கிறது என்று பொருள். வலது யூனிட்டின் சிக்னல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் தொட்டுப் பாருங்கள். முள் காலிக்கு இறங்கினால் கம்பிகள் நலம், யூனிட்தான் கோளாறு. அசையாமல் நின்றால் சிக்னல் கம்பியோ எர்த்தோ அறுந்திருக்கிறது. அடுத்து அந்த எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும்.

தெக்குக்கரை:

முள் அசையவில்லை. தேடிப் பார்த்ததில், வலது யூனிட்டின் எர்த் கம்பியைத் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் முடுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டம் மரத்தில்தான் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் எச்சரித்த அதே பாடி எர்த். நெகட்டிவுக்குத் தனிக் கம்பி இழுத்ததும் முள் கால்வாசிக்கு வந்து நின்றது. இனி அளவு குறிப்பதை எப்படிச் செய்யலாம்?

நாகை மின்பணி:

படகு கடலில் மிதக்கும்போது செய்யுங்கள். கரையேற்றி நிற்கும் படகு வழக்கமான சாய்வில் நிற்பதில்லை. இணைப்பு வால்வை மூடிவிட்டு, ஒரு தொட்டியில் 50 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை மானியின் ஓரத்தில் ஒட்டிய தாளில் குறியுங்கள். தொட்டியின் வெளிப்பக்கம் படகின் வளைவோடு சேர்ந்து கீழே குறுகியிருக்கும் என்று நினைக்கிறேன். முழுக்க முக்கோணமாகக் குறுகினால் பாதி உயரத்தில் கால் பங்கு டீசல்தான் இருக்கும். உங்கள் தொட்டி அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், முள் பாதியைக் காட்டும்போது 250 லிட்டர் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

பாம்பன் ஓட்டம்:

மானி வந்துவிட்டதால் பயன்பாட்டைப் பற்றி ஒரு சொல். படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வேகங்களில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுகிறது என்பது பொதுக் கணக்கு. 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகை 7 நாட்டுக்குக் குறைத்தால் மணிக்கான செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். கடல் மைலுக்கான செலவு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். 20 கடல் மைல் போக இரண்டரை மணி நேரத்துக்குப் பதிலாக 2 மணி 51 நிமிடம் ஆகும். காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டிய தூத்துக்குடிப் படகுக்கு அந்த 21 நிமிடம் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. ஏலத்துக்கு முந்த வேண்டிய நாளில் டிரைவர் கையை யாரும் பிடிக்க முடியாது. போகும்போது மட்டுமாவது குறைத்து ஓடுவது எங்கள் வழக்கம். மடி (இழுவலை) இழுக்கும்போது வேகம் மூன்று நாட்டுக்குள் இருந்தாலும் சுமை அதிகம் என்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. கேன் சோதனையில் மடி இறக்கி ஒரு முறை பார்த்தால்தான் தெரியும்.

டீசலில் மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. உங்களுக்கு மடி இழுக்கும் செலவு தனியாக இருப்பதால் அதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். அந்தக் கையிருப்பு மட்டத்தை மானியில் சிவப்புக் கோடாகப் போட்டுவிடுங்கள். மானியைப் பார்க்கும்போது படகை நேராக்கி, வேகத்தைக் குறைத்து, முள் அமரும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு வால்வைத் திறந்து வைத்தே ஓடுவதானால், சாய்வான பக்கத்துக்கு டீசல் இறங்கிவிடும் என்பதால், இரண்டு பக்க அளவையும் கூட்டித்தான் இருப்பு என்று எழுத வேண்டும்.