மண் கொட்டி உயர்த்திய வளவு: ஒரு மாரி விட்டால் இறுகிவிடுமா?

அரியாலை வளவுக்காரர்:
வணக்கம். அரியாலையில், கடனீரேரியை அண்டிய தாழ்ந்த வளவொன்றில் வீடு கட்டவுள்ளோம். மாரியில் வெள்ளம் நிற்கும் நிலம் என்பதால் ஏறக்குறைய 3 அடி உயரத்துக்குக் கிறவலை டிப்பரில் கொண்டுவந்து கொட்டி, ஜே.சி.பி.யால் மட்டப்படுத்தியிருக்கிறார்கள், றோலர் எதுவும் ஓட்டவில்லை. ஒரு மாரி மழை பெய்தால் மண் தானாகவே இறுகிவிடும், தை பிறந்ததும் அத்திவாரம் வெட்டலாம் என்று வேலையைப் பொறுப்பெடுத்தவர் சொல்கிறார். தண்ணீர் கட்டி நிறுத்திவிட்டு மேலால் றோலர் ஓட்டினால் இப்போதே தொடங்கலாம் என்பது உறவினர் ஒருவரின் கருத்து. படலையிலிருந்து வீடு வரை வாகனப் பாதைக்கு இன்ரலொக் கல் பதிக்கவும் எண்ணியுள்ளோம். எதைச் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

வலிகாமம் பொறியியலாளர்:
உங்கள் உறவினர் சொல்லும் முறை கரையோர மணலுக்கு ஓரளவு பொருந்தும், ஏனெனில் மணலில் தண்ணீர் விரைவாக இறங்கிப் போய்விடும். களி கலந்த கிறவலில் தண்ணீரைக் கட்டினால் மண் சேறாகும், றோலர் போகும்போது முன்னால் அலைபோல் எழும்பிப் பின்னால் அமரும், ஆனால் இறுகாது.

மண்ணை இறுக்குவது என்பது துணிக்கைகளுக்கு இடையிலுள்ள காற்றை வெளியேற்றுவதாகும். மண் காய்ந்திருந்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கும். ஈரம் மிகுந்தால் இடைவெளிகளை நீர் பிடித்துக்கொள்ளும், நீரோ அமுக்கத்துக்குச் சுருங்காது. ஆகவே ஒவ்வொரு மண்ணுக்கும், குறித்த அளவு இடிப்புக்கு மிகக் கூடிய அடர்த்தியைத் தரும் ஈரப்பதன் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் அணைகள் கட்டும் பணியில் இருந்த புறொக்டர் என்ற பொறியியலாளர் 1933 இல் வெளியிட்ட சோதனை முறையே இதை அளக்க இன்றும் பயன்படுகிறது. ஆய்வுகூடத்தில் மண்ணை அச்சில் 3 படைகளாக இட்டு, 2.5 கிலோ சுத்தியலை 300 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு இடித்துப் பார்ப்பார்கள். களத்தில் ஒரு மாதிரிக்கு, மண்ணைக் கையில் எடுத்து இறுகப் பிடியுங்கள்: உருண்டை உடையாமல் நிற்கவும் வேண்டும், உள்ளங்கையில் நீர் படியவும் கூடாது.

உங்கள் வளவின் உண்மையான சிக்கல் ஈரத்தைவிடப் படைகளில்தான் இருக்கிறது. சிறிய தட்டு அதிர்வுப் பொறி இடிப்பது மேலுள்ள அரை அடி அளவைத்தான். 3 அடியையும் ஒரேயடியாகக் கொட்டிய பின்னர் மேலே எவ்வளவு ஓட்டினாலும் மேற்பரப்பு கல்லாகத் தோன்றும், அடியில் மண் தளர்வாகவே கிடக்கும். செலவுதான் என்றாலும், கொட்டிய மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, அடியிலுள்ள புல், பனை வேர், கறுத்த மேல்மண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, தளர்வாக 8 அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி ஒவ்வொன்றையும் றோலரால் இறுக்கிக்கொண்டு வருவதே முறை. சிறிய பொறி மட்டுமே கிடைக்குமென்றால் படையை 5 அங்குலமாகக் குறையுங்கள்.

கட்டட மேற்பார்வையாளர்:
பொறியியலாளர் ஐயா கூறுவதை மறுக்கவில்லை. ஆனால் நாவற்குழி, கைதடிப் பக்கங்களில் உவர்க்களி நிலத்தை உயர்த்தியவர்கள் ஒரு மாரி கழியும் வரை காத்திருப்பதை நான் நெடுங்காலமாகக் கண்டு வருகிறேன், அவசரப்பட்டுக் கட்டிய வீடுகளில் சுவர் வெடித்ததையும் கண்டிருக்கிறேன். அந்தக் காத்திருப்பு முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியுமா?

வலிகாமம் பொறியியலாளர்:
வீண் அல்ல, நல்ல இடத்தில் கேட்டீர்கள். இங்கே தாழ்வது இரண்டு மண்கள். கொட்டிய மண் தன் இடைவெளிகள் சுருங்குவதால் தாழும், அதற்கு மருந்து றோலர். அடியிலுள்ள ஈரக்களியோ மேலே ஏற்றிய பாரத்தால் தன் நீரை மெல்ல மெல்ல வெளிவிட்டுத் தாழும். அதை எந்த றோலராலும் விரைவுபடுத்த முடியாது, காலம்தான் வேண்டும். எனவே படைபடையாக இறுக்கி உயர்த்திய பின்னர் ஒரு மாரியைக் கழியவிடுவது இரண்டுக்கும் பொருந்தும். இறுக்காமல் விட்ட மண்ணையும் மழை சற்றுத் தாழ்த்தும், ஆனால் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவுமாகத் தாழ்த்தும். சுவரை வெடிக்க வைப்பது அந்த ஏற்றத்தாழ்வுதான்.

அத்திவாரத்தை எப்படியும் கொட்டிய மண்ணில் நிறுத்தாதீர்கள். அதைக் கடந்து இயற்கை நிலத்தில் உறுதியான படை வரை இறக்குங்கள். குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல் இருந்தாலும் எல்லா இடத்திலும் அது ஒரே ஆழத்தில் இல்லை, அதில் பொந்துகளும் உண்டு. ஆகவே அத்திவாரம் வரும் இடங்களில் குழி வெட்டிப் பாருங்கள். மூடிய பழைய கிணறோ மலசலகூடக் குழியோ வளவில் இருந்ததா என்று அயலாரிடம் விசாரிப்பதும் நல்லது. நிலத்தளமும் வாகனப் பாதையும்தான் கொட்டிய மண்ணை நம்பி இருப்பவை. அவற்றுக்குப் பொதுவாக, மேலே சொன்ன ஆய்வுகூடச் சோதனையில் கிடைக்கும் உச்ச உலர் அடர்த்தியில் (நீரின் நிறையைக் கழித்த அடர்த்தி) 95 சதவீதம் கேட்கப்படும். சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணின் நிறையை அளந்து, குழியை அடர்த்தி தெரிந்த மணலால் நிரப்பி அதன் கனவளவை அறியும் மணல் பிரதியீட்டுச் சோதனையால் இதைச் சரிபார்க்கலாம்.

அரியாலை வளவுக்காரர்:
மிக்க நன்றி. மண்ணை ஒதுக்கித் திரும்பப் பரப்புவதாக முடிவு செய்துவிட்டோம். வேலியோரமாக அயலவரின் பழைய சுண்ணாம்புச் சாந்து வீடு இருக்கிறது. அதிரும் றோலர் அதற்குக் கேடு செய்யுமா?

கட்டட மேற்பார்வையாளர்:
செய்யக்கூடும். அந்தப் பக்கத்தில் அதிர்வை நிறுத்திவிட்டு, படையை மெல்லியதாக்கி, கூடுதலான தடவைகள் ஓட்டச் சொல்லுங்கள். தொடங்கு முன் அவர் வீட்டுச் சுவர்களை, ஏற்கனவே உள்ள வெடிப்புகள் தெரியும்படி, அவரையும் கூட வைத்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். வாகனப் பாதைக்கு 80 மில்லிமீற்றர் தடிப்புக் கல்லையே கேளுங்கள், 60 நடைபாதைக்குரியது. இரு பக்கமும் கொங்கிறீட் விளிம்பு கட்டாவிட்டால் கல்லின் கீழுள்ள மணல் முதல் மாரியிலேயே பக்கவாட்டில் கழுவுண்டு போகும்.