நட் பட்டர் ஸ்மூத்தி: ஜாரில் ஒட்டுகிறது, பதினொரு மணிக்கே பசிக்கிறது

அதிகாலை (கேள்வி)

காலை உணவுக்கு ஸ்மூத்தி மட்டும் போதுமா என்று பார்க்கிறேன். இப்போது போடும் அளவு: ஃப்ரீசரில் வைத்த வாழைப்பழம் 1, குளிர்ந்த பால் 1 கப், பீநட் பட்டர் 2 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அடிக்கிறேன். பீநட் பட்டர் பாதி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மீதி சின்னச் சின்ன உருண்டையாக வாயில் தட்டுப்படுகிறது. மேலே ஒரே நுரை. குடித்து மூன்று மணி நேரத்தில் பசி எடுக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

கெட்டிப்பால் (பதில்)

உருண்டை விழுவதற்குக் காரணம் போடும் வரிசை. பீநட் பட்டரின் எடையில் பாதி கொழுப்பு. குளிர்ந்த பாலும் உறைந்த பழமும் பட்டதும் அது இறுகிப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு அடித்தாலும் துண்டு துண்டாகத்தான் உடையும், கரையாது. அதனால் பழத்துக்கு முன்னாலேயே பட்டரைப் பாலில் கரைத்துவிடுங்கள்.

முதலில் அறை வெப்பத்தில் உள்ள பால் 200 மி.லி. ஜாரில் ஊற்றுங்கள். அதன் நடுவில், சுவரில் படாமல், பட்டரைப் போடுங்கள். கரண்டியை முதலில் பாலில் நனைத்துக்கொண்டு எடுத்தால் பட்டர் வழுக்கி விழும். குறைந்த வேகத்தில் 15–20 விநாடி ஓட்டுங்கள். வெளிர் பழுப்பு நிறத்தில், மேலே எண்ணெய்ப் புள்ளி இல்லாமல் ஒரே பாலாகிவிட்டால் சரி. அப்புறம்தான் உறைந்த பழம். அதையும் விட்டு விட்டு நாலைந்து முறை தட்டிவிட்டு, பிறகு 30 விநாடி தொடர்ந்து ஓட்டினால் போதும்.

நுரை வருவது அதிக நேரம் அதிவேகத்தில் அடிப்பதால். காற்று உள்ளே போகிறது, கூடவே உராய்வில் சூடும் ஏறுகிறது. பழம் அரைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே நுரைத்துவிட்டால் ஜாரை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பிளேடு மட்டும் சுற்றுகிறது, பழம் மேலேயே நிற்கிறது என்றால் நடுவில் காற்றுக்குழி விழுந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, கரண்டியால் கிளறி, இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு மறுபடி ஓட்டுங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் மோட்டார்தான் சூடாகும். பழத்தை உறைய வைக்கும்போதே தோலை உரித்து 1 செ.மீ. வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய விடுங்கள். கெட்டியானதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். முழுப் பழமாகத் தோலோடு வைத்தால் உரிப்பதே பெரும்பாடு.

நார்ச்சத்து (பதில்)

பசிக்கு வருகிறேன். தேனை எடுத்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேனில் கிட்டத்தட்ட 17 கிராம் சர்க்கரை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகம். இனிப்பு வேண்டுமானால் தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து உறைய வையுங்கள், அதுவே போதும்.

பட்டரை 2 மேசைக்கரண்டியிலிருந்து ஒன்றரைக்குக் குறைக்கலாம் (24 கிராம், சுமார் 140 கலோரி, 6 கிராம் புரதம்). கண்ணளவில் எடுத்தால் கரண்டி குவிந்துவிடும். ஜாரையே சமையலறைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி அளப்பது நல்லது.

அதிக நேரம் பசி தாங்குவது ஓட்ஸால். 20 கிராம் ஓட்ஸை முதலில் உலர்ந்த ஜாரில் மாவாக்கி, அதே பாலில் 10 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு பட்டர் போடுங்கள். ஊறவிடாமல் அடித்தால் மணல் மாதிரி நெருடும், ஐந்து நிமிடம் கழித்துக் கோப்பையிலேயே கெட்டிப்படும். பாலில் பாதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் வடிகட்டிய கெட்டித் தயிர் 100 கிராம் சேர்த்தால் மொத்தப் புரதம் 20 கிராமைத் தாண்டும். இத்தனையும் சேர்த்தால் இது பானம் இல்லை, முழுச் சாப்பாடு. மடமடவென்று குடிக்காமல் கரண்டியால் சாப்பிடுங்கள்.

அதிகாலை

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். கிவி, அன்னாசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கசக்கிறதே? வாழைப்பழத்தோடு பெர்ரி சேர்க்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

கெட்டிப்பால்

கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. பால், தயிர்ப் புரதத்தை அவை உடைக்கும்போது கசப்பு வருகிறது. நிற்க நிற்கக் கூடும். உறைய வைத்தாலும் அந்த நொதி சாகாது, சூடுபடுத்தினால்தான் அடங்கும். இந்தப் பழங்கள்தான் வேண்டுமென்றால் பாலுக்குப் பதில் தண்ணீரும் பாதாம் பட்டரும் போட்டு அடித்து, உடனே குடித்துவிடுங்கள். 250 மி.லி. தண்ணீருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பாதாம் பட்டர் சரியாக இருக்கும்.

நார்ச்சத்து

பெர்ரி விஷயம் ஓரளவு உண்மை. வாழைப்பழத்தை நறுக்கினால் கறுக்கிறதே, அதற்குக் காரணமான பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, பெர்ரியில் உள்ள ஃபிளவனால்கள் என்ற தாவரச் சத்துகளையும் சிதைக்கிறது. 2023-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஃபிளவனாலை மாத்திரையாக எடுத்ததோடு ஒப்பிட்டால், வாழைப்பழ ஸ்மூத்தியோடு எடுத்தபோது உடலில் சேர்ந்தது 84 சதவீதம் குறைவு. பெர்ரி மட்டும் போட்ட ஸ்மூத்தியில் அந்த இழப்பு இல்லை.

இதற்காக வாழைப்பழத்தை ஒதுக்க வேண்டாம். அதன் நார்ச்சத்தும் பொட்டாசியமும் அப்படியேதான் இருக்கின்றன. ஃபிளவனாலுக்காகவே பெர்ரி போடுகிற நாளில் மட்டும் வாழைக்குப் பதில் உறைந்த மாம்பழத் துண்டு 100 கிராம் போடுங்கள். அதே கெட்டித்தன்மை கிடைக்கும்.

உப்புக்கல் (பதில்)

பட்டர் வாங்கும்போது பின்பக்க அட்டையைப் படியுங்கள். கடலை, உப்பு இரண்டு மட்டும் இருக்கட்டும். சர்க்கரையும் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயும் சேர்த்ததும் உண்டு, அதில் எண்ணெய் பிரியாது. சேர்க்காததில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அது கெட்டுப்போனது இல்லை. அதைக் கொட்டிவிட்டால் அடியில் இருப்பது கல்லாகிவிடும், பிறகு எந்த மிக்ஸியும் கரைக்காது. புதுப் பாட்டிலை ஒரு நாள் தலைகீழாக வைத்து, திறந்ததும் அடிவரை கிளறிவிடுங்கள். எண்ணெயில் பெயின்ட் வாடை அடித்தால்தான் சிக்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போடுங்கள்.

இரவே அடித்து வைக்க நினைத்தால், ஓட்ஸ் ஊறிக் கூழாகும், வாழை கறுக்கும். பழம், ஓட்ஸ் மாவு இரண்டையும் தனித்தனிப் பையில் அளந்து வைத்துவிட்டு, காலையில் அடிப்பதே நல்லது. வீட்டில் வேறு யாராவது குடிப்பதாக இருந்தால், கடலையோ பாதாமோ அவர்களுக்கு ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு ஸ்மூத்தி அடிப்பதானால் ஜார், பிளேடு, மூடியின் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த ரப்பர் இடுக்கில்தான் பட்டர் தங்கும்.